ண கேட்கும் பத்துக் கட்டம்

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஒரு பஸ்ஸின் நெற்றியில் 'மனப்பாறை' என்று சிவப்பு எல்.இ.டி. எழுத்து எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், "முறுக்கு ஊருக்குப் பேரையே மாத்திட்டாங்களே, தம்பி" என்று சிரித்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். எழுதியவர் தப்பு செய்யவில்லை. மூணு சுழி ண-வில் இரண்டு கோடுகள் நடுவே இருக்க வேண்டிய இருட்டுப் புள்ளி இல்லாமல், ஒரு சுழி இன்னொன்றோடு ஒட்டிப்போயிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது ரெண்டு சுழி ன.

பிக்சல் எழுத்து என்பது கட்டத் தாளில் கட்டம் நிரப்புகிற வேலைதான். நிரப்பினால் 1, விட்டால் 0. எட்டுக்கு எட்டு கட்டத்தில் மொத்தம் 64. எட்டுக் கட்டம் ஒரு பைட் என்பதால் ஓர் எழுத்து எட்டே பைட்டில் முடிந்துவிடும். கணினியின் நினைவகம் யானை விலை விற்ற காலத்தில் இந்தச் சிக்கனம் உயிர்நாடி. நாம்கோவின் பழைய ஆர்கேட் விளையாட்டுகளில் மதிப்பெண் காட்டிய தடித்த எழுத்துகள் எட்டுக்கு எட்டில் பிறந்தவை. 1984இல் வந்த மேக்கின்டாஷ் கணினிக்கு சூசன் கேர் 'சிகாகோ' எழுத்துருவைப் புள்ளி புள்ளியாகத்தான் வடித்தார்.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பாதி, நேர்க்கோடு. நமக்கு அந்தக் கொடுப்பினை ட, ப போன்ற சிலவற்றில்தான். ப வரைய யோசிக்கவே வேண்டாம்: இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழே புள்ளி, அடிவரிசையில் முழுக்கோடு. மற்றதெல்லாம் வளைவு, சுழி, கொம்பு, வால்.

வீட்டுக்கு வந்து கட்டத் தாளில் போட்டுப் பார்த்தேன். ன-வின் இடப்பக்கச் சுழிக்கு மூன்று கட்டம்: கோடு, ஓட்டை, கோடு. பிறகு ஓர் இடைவெளி, நடுக்கால், இன்னோர் இடைவெளி, கடைசிக் கால். ஆக ஏழு. அடுத்த எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒன்று விட்டால் எட்டு. கச்சிதம்! ண-வுக்கு இன்னொரு காலும் இடைவெளியும் சேரும், பத்து. எட்டுக்குள் அடைக்கப் பார்த்தால் ஏதாவதொரு இடைவெளியைத் தின்றாக வேண்டும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று யாரோ முடிவு செய்த இடத்தில்தான் மணப்பாறை மனப்பாறை ஆகியிருக்க வேண்டும்.

நான் அன்று ஏறியது குடுமியான்மலை பஸ். சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய மேலைக்கோயில் குடைவரையின் பக்கத்துப் பாறையில், சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில் இருக்கிறது புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ கிரந்த எழுத்து. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்று நெடுங்காலமாகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கைவிட அதன் அடுக்குதான் பிடித்தது. பாடல் கிடையாது, தலைப்பும் முடிவுரையும் போக மற்றதெல்லாம் சுர எழுத்துகள்தான். நான்கு நான்காகச் சேர்த்து, ஒரு வரிக்குப் பதினாறு தொகுதி. பெருக்கினால் 64. எட்டுக்கு எட்டோடு பொருந்துவது தற்செயல்தான், ஆனாலும் பாறை முன் நின்று பெருக்கியபோது கொஞ்சம் சிலிர்த்தது.

ஒவ்வொரு சுரமும் ர, ரி, ரு, ரே என்று நான்கு உருவில் வருகிறது. இகரக் குறி எழுத்தின் தலைக்கு மேல், உகரம் காலுக்குக் கீழ், ஏகாரம் இடப்பக்கம். அளவாக அடுக்க வேண்டுமென்றால் உளிக்காரர் மேலும் கீழும் பக்கத்திலும் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். கணினித் தமிழ் எழுத்துரு வரைகிறவருக்கும் இதே தலைவலி. 'கி'யின் கொக்கிக்கு மேலே சில வரிசை, 'ணு'வின் வாலுக்குக் கீழே சில வரிசை என்று ஒதுக்கிய பிறகு, எட்டு வரிசையில் எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது நாலோ ஐந்தோ. தமிழுக்குப் பதினாறு வரிசை வேண்டும் என்பது ஆடம்பரம் இல்லை.

1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, றா போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் நினைத்துச் செய்தது, புள்ளி வரைகிறவர் சுமையையும் குறைத்தது. 1980களில் கனடாவிலிருந்து கே. சீனிவாசனின் 'ஆதமி', மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் 'முரசு' என்று கணினியில் தமிழ் எழுதும் மென்பொருள்கள் வந்தன. இந்திய மொழிகளைக் கணினித் திரையில் காட்ட, ஐ.ஐ.டி. கான்பூரில் முளைத்து சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்தது 'ஜிஸ்ட்' அட்டை. இன்றும் இலவசமாகக் கிடைக்கும் 'யூனிஃபான்ட்' பிட்மேப் எழுத்துருவை ரோமன் சிபோரா 1998இல் தொடங்கினார். உயரம் எல்லாவற்றுக்கும் பதினாறு புள்ளி. அகலம் மட்டும் எட்டு அல்லது பதினாறு. எட்டில் மூச்சு முட்டும் எழுத்துக்கு அங்கே வழி உண்டு.

இன்றைய கைபேசித் திரையில் புள்ளி கண்ணுக்கே தெரியாது. அதனால் பிக்சல் எழுத்து இப்போது விளையாட்டுகளிலும் சுவரொட்டிகளிலும் ரசனைக்காக வருகிறது. பஸ் பலகையில் அது இன்னும் பிழைப்பு. அங்கே ஒரு புள்ளி அணைந்தால் 'க்' 'க' ஆகிவிடும். பழைய கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. இடம் பார்த்து வாசித்துக்கொண்டார்கள். ஆனால் குடுமியான்மலைப் பாறையில் சில சுரங்களின் தலையில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கிறது. எதற்கு என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. உளிக்குத் தெரியும்.