பேனாவாகும் பனை வைரம்

லேத்தில் கடைந்து செய்யும் பேனாவுக்கு மதிப்பு வரவேண்டுமென்றால் பொருள் அபூர்வமாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் இந்தக் கலையை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. மேலை நாடுகளில் காட்டில் உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பைக்கூடப் பொறுக்கி வந்து பேனா கடைகிறார்கள். திருவண்ணாமலையில் அது நடக்காது. மலையைச் சுற்றியுள்ள காட்டில் புள்ளிமான்கள் உண்டு; ஆனால் அவை உதிர்த்த கொம்பை எடுத்துவந்து வியாபாரம் செய்வதற்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. யானைத் தந்தத்துக்கும் அதே தடைதான். செம்மரமோ பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஜவ்வாது மலைச் சந்தனம் களவுக்கு இரையான கதை இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. அபூர்வத்துக்கு விலை வைத்தால் அந்த விலையைக் காடுதான் கொடுக்கிறது. ஆகவே இந்த ஊரில் பேனா கடைய நினைப்பவர் காட்டுப் பக்கம் போகாமல், பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடத்துக்குப் போகவேண்டும் என்பேன். அங்கே கூரையிலிருந்து இறக்கிப் போட்ட பனஞ்சட்டங்கள் கிடக்கும்.

பனையின் உறுதி முழுக்க அதன் வெளிவட்டத்தில் இருக்கிறது. கருத்த நார்கள் அங்கே நெருக்கமாக அடைந்திருக்கும்; நடுப்பகுதி சோறுபோல மெத்தென்று இருக்கும். புறத்தே வைரம் உள்ளதைப் புல் என்றும் அகத்தே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்தது இந்த அமைப்பைக் கண்டுதான். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரமாகவே வைக்கிறது. கடைசல்காரருக்கு இது வெறும் இலக்கணச் செய்தி அல்ல. கெட்டியான நாருக்கும் அதைச் சுற்றிய மென்மையான சதைக்கும் உறுதி வேறுவேறு என்பதால், மழுங்கிய உளி பட்டால் நார் அறுபடாமல் பிய்ந்துகொண்டு வந்துவிடும். அதனால் துண்டின் நடுவே துளையிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் ஏற்றிய பிறகு, நீர்த்த சூப்பர் க்ளூவை அவ்வப்போது ஊறவிட்டு மெல்ல மெல்லச் சீவவேண்டும். கடைசியில் உப்புத்தாள் தேய்த்தால் கருப்பும் பழுப்புமான கோடுகள் தெளிந்து வரும். சுழலும் மரத்தின் மீது அரக்குக் கட்டையை அழுத்தி மெருகேற்றும் முறை அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அதையே இங்கும் கையாளலாம். பல பத்தாண்டுகள் கூரையில் காய்ந்த சட்டம் என்பதால் முறுக்கிக்கொள்ளும் பயமும் குறைவு. இதற்காக ஒரு பனையையும் வெட்டவேண்டியதில்லை. வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்ததும் சரியான காரியம்.

கோயில் ஊரில் தேங்காய்க்குப் பஞ்சமில்லையே, கொட்டாங்குச்சியை விட்டுவிட்டுப் பனை எதற்கு என்று கேட்கலாம். கொட்டாங்குச்சி வளைந்தது, மெல்லியது. நேரான துண்டு எடுக்க முடியாது. சில்லுகளை ரெசினில் பதித்துத்தான் கடைய முடியும், அப்போது கைக்கு வருவதில் பாதி பிளாஸ்டிக். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: நிப்பும் ரீஃபிலும் தொழிற்சாலையில்தானே வருகின்றன, இதில் கைவேலை எங்கே? உண்மைதான், கைவேலை உடலோடு நின்றுவிடுகிறது. மரம் ஈரத்தைக் குடித்து உப்பும் என்பதால், மைப் பேனாவில் மை படும் இடத்துக்கு எபோனைட்டைத்தான் நாடவேண்டும். ஆனால் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கிய அந்த எபோனைட்டே அப்படியொன்றும் அபூர்வப் பொருள் அல்ல. திருவள்ளூரின் ரங்கா பேனாக்கள் பெரும்பாலும் அதில்தான் கையால் கடையப்படுகின்றன. வெளிநாட்டிலிருந்தும் கேட்டு வாங்குகிறார்கள். 1930களில் சுதேசிப் பேனாவாகக் காந்தியிடம் போன ராஜமகேந்திரவரத்து ரத்னம் பேனாவும் எபோனைட்தான். இவற்றை நாடி வருகிறவர்களை இழுப்பது பொருளின் அருமை அல்ல. கையில் உட்காரும் பருமனும் வழுக்காமல் பொருந்தும் மரையும் பழுதானால் திரும்பச் செப்பனிடக்கூடிய உடலும்தான்.

பத்து ரூபாய்ப் பேனாவோடு இது போட்டியிடாது, போட்டியிடவும் வேண்டாம். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு லட்சக்கணக்கானோர் வரும் ஊரில், ஒரு பட்டறை பிழைக்க அவர்களில் மிகச் சிலர் வாங்கினாலே போதும். கட்டில் கால் கடையும் பட்டறையில் லேத்தும் உளியும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக வேண்டியவை மெல்லிய டிரில் பிட்டுகள், பித்தளைக் குழாய்கள், நாரின் போக்கு பிடிபடும்வரை வீணாக்கத் தயாராகச் சில பனந்துண்டுகள்.