சாவியை ஏமாற்றும் பூட்டு!
மூட்டு வாதத்துக்கு ஒரு விசித்திர மருந்து

காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாது. சட்டைப் பொத்தானைப் போட முடியாது. பொழுது விடிந்து வெகு நேரம் வரை கைவிரல்கள் கட்டை போல் விறைத்து நிற்கும். 'ருமட்டாய்ட்' என்னும் மூட்டு வாதத்தின் கொடுமை இது. வயோதிகர்களை மட்டும் இது பிடிப்பதில்லை. முப்பது, நாற்பது வயதுப் பெண்களையும் படுக்கையில் தள்ளிவிடும். இந்நோயில் மூட்டுகளைத் தாக்குவது வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. உடலைக் காக்க வேண்டிய சொந்தப் படையேதான்!

இந்தப் படையை அடக்க விஞ்ஞானிகள் செய்த தந்திரம் மிகவும் சுவாரசியமானது.

அணுவின் மேல் ஒரு பூட்டு

எலிகளின் உடலில் கட்டிகளை அழிக்கும் ஒரு பொருளை 1975-ல் நியூயார்க் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். அதற்கு 'டி. என். எஃப்.' என்று பெயர். இது மனித உடலிலும் சுரக்கிறது. கிருமிகள் நுழைந்தால் படையை உசுப்பிவிடும் தூதன் இதுவே.

தூதன் சொல்வதை உயிரணு எப்படி அறிகிறது? அணுவின் மேல்தோலில் பூட்டுப் போன்ற புரோட்டீன்கள் பதிந்திருக்கின்றன. இவற்றை 'ரிசெப்டார்' என்பர். டி. என். எஃப். என்ற சாவி இந்தப் பூட்டில் பொருந்தியதும் உள்ளே கட்டளை பிறக்கிறது. வீக்கமும் சூடும் உண்டாகின்றன. அளவோடு இருந்தால் இது நன்மையே. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சல்லவா? தூதன் ஓயாமல் கூவினால் மூட்டு வீங்கி, எலும்பே அரிக்கப்படுகிறது.

ரத்தத்தில் மிதக்கும் பொய்ப் பூட்டு

சாவியை ஒழிக்க ஒரு வழி உண்டு. அணுவோடு ஒட்டாத பூட்டுகளை ரத்தத்தில் மிதக்கவிட்டால் என்ன? சாவிகள் அவற்றில் போய் மாட்டிக்கொள்ளும், கட்டளையோ பிறக்காது.

மனித ரிசெப்டாரின் ஜீனை அமெரிக்காவில் சியாட்டில் நகர விஞ்ஞானிகள் 1990-ல் பிரித்தெடுத்தனர். அணுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டை ஒன்றாக, ரத்தத்திலுள்ள 'ஆன்டிபாடி' என்ற காப்புப் புரோட்டீனின் வாலில் இணைத்தார்கள். வால் இருப்பதால் அது ரத்தத்தில் நெடுநேரம் தங்கும். இரண்டு பூட்டுகள் இருப்பதால் சாவியை இறுகப் பற்றும்.

இதைத் தயாரிக்கும் தொழிலாளி யார் தெரியுமா? சீன நாட்டு வெள்ளெலி! அதன் சூலகத்திலிருந்து 1957-ல் தியடோர் பக் என்பவர் வளர்த்தெடுத்த உயிரணுக்களின் வழித்தோன்றல்கள் பெரிய தொட்டிகளில் பெருகி, மனிதப் புரோட்டீனைச் சுரக்கின்றன. 934 அமினோ அமிலங்கள் கோத்த இம்மருந்தின் பெயர் எட்டனர்செப்ட்.

தோல்வியும் வெற்றியும்

முதலில் இதை, கிருமி ரத்தத்தில் பரவி மரணத் தறுவாயில் கிடந்த 141 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1996-ல் வெளியான முடிவு திடுக்கிடச் செய்தது. மருந்தில்லாத ஊசி போடப்பட்ட 33 பேரில் இறந்தவர்கள் 10. அதிக அளவு மருந்து பெற்ற 49 பேரில் 26 பேர் மாண்டனர்! கிருமியோடு போர் நடக்கும் வேளையில் தூதனின் வாயை அடைப்பது ஆபத்து என்ற பாடம் கிடைத்தது.

மூட்டு வாதத்திலோ கதை வேறு. 180 நோயாளிகளுக்கு வாரம் இருமுறை, மூன்று மாதம் ஊசி போட்ட சோதனையின் முடிவு 1997-ல் வந்தது. அதிக அளவு மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு ஓரளவேனும் குணம் தெரிந்தது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 14 பேருக்குத்தான். 1998 நவம்பரில் அமெரிக்க சர்க்கார் இம்மருந்துக்கு அனுமதி அளித்தது.

காச நோய் ஜாக்கிரதை!

இது நோயை வேரோடு களைவதில்லை, அடக்கி வைக்கிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் வலி திரும்பிவிடும். விலையும் அதிகம். இன்னொரு அபாயமும் உண்டு. உடலில் உறங்கிக் கிடக்கும் காச நோய்க் கிருமிகளைக் கட்டிக் காவல் செய்வதும் அதே டி. என். எஃப்.தான். காவலன் ஓய்ந்தால் கைதி விழித்துக்கொள்வான். காச நோய் மலிந்த நம் நாட்டில் இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமல்ல.

ஆகவே, இந்த ஊசியைத் தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் காச நோய்ப் பரிசோதனையும் அவசியம். ஊசி போட்டுக்கொள்பவருக்குக் காய்ச்சலோ, விடாத இருமலோ கண்டால், அன்றே டாக்டரிடம் காட்டுவதே புத்திசாலித்தனம்.