முழங்கையில் ‘டப்’ என்றால் எண்ணெய் தேய்க்காதீர்கள்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் கார், லாரி, டயர், ஃபிரிட்ஜ், செல்போன் எல்லாம் உருவாகின்றன. ரோபோக்கள் வந்துவிட்டாலும், தலைக்கு மேலே தொங்கும் காருக்கு அடியில் நின்று கையை உயர்த்தி போல்ட் முடுக்குவதும், நழுவும் பாகத்தைச் சட்டென்று தாங்கிப் பிடிப்பதும் மனிதர்கள்தான். இந்த இரண்டு வேலைகளுமே தோளையும் புஜத்தையும் பதம் பார்ப்பவை.

முடுக்கும் கையின் தசை

மேற்கையின் முன்பக்கம் திரளும் தசை பைசெப்ஸ். மேலே தோளில் அதற்கு இரண்டு பிடிமானங்கள். கீழே, முழங்கையைத் தாண்டி ரேடியஸ் எலும்பில் ஒன்று. கையை மடக்கத்தான் அது என்று நினைக்கிறோம். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும் அதன் பெரிய வேலை. வலக்கையால் ஸ்க்ரூவை இறுக்கும்போது நடப்பது அதுதான். லைனில் நிற்பவருக்கு அந்த வலு போனால் பிழைப்பே ஆட்டம் காணும்.

மேலே அறுந்தால், கீழே அறுந்தால்

பைசெப்ஸை எலும்போடு இணைக்கும் நாண் அறுவது பெரும்பாலும் தோள் பக்கம்தான். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, தேய்ந்துபோன நாண் ஒருநாள் அறுந்து, புஜத்தின் கீழ்ப்பகுதியில் பந்துபோல் சதை திரண்டு நிற்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. ஆனால் கூடவே தோளின் வேறு தசைநாண்களும் கிழிந்திருக்கலாம் என்பதால் ஸ்கேன் அவசியம்.

முழங்கைப் பக்கம் அறுவது அரிது, ஆனால் அவசரம். நாற்பது முதல் அறுபது வயது ஆண்களுக்கே அதிகம் வருகிறது. புகைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மடக்கிய கையில் திடீரென எடை விழும். ‘டப்’ என்று ஒரு சத்தம். முழங்கை மடிப்பில் ரத்தம் கட்டும். சதை மேலே ஏறிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருக்கும். அதனால் ‘ஒன்றுமில்லை, சுளுக்கு’ என்று திரும்பிவிடுகிறார்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, நாட்டுக்கட்டும் போட்டுக்கொள்கிறார்கள். சில வாரங்களில் வலி குறைந்ததும் குணமாகிவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். என்னை மிகவும் வருத்தப்படுத்துவது இதுதான். ஏனென்றால் அறுந்த நாணை எளிதாக இழுத்துத் தைக்க உகந்த காலம் முதல் இரண்டு மூன்று வாரங்களே. பிறகு நாண் சுருங்கி, சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும். வேறிடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டுப்போட வேண்டிவரலாம். அப்படியே விட்டால் திருப்பும் வலுவில் சுமார் 40 சதவீதமும் மடக்கும் வலுவில் சுமார் 30 சதவீதமும் குறையும்.

அறுவை சிகிச்சையில் நாணின் முனையை நூலால் தைத்து, ரேடியஸ் எலும்பில் துளையிட்டு, சிறு உலோகப் பட்டனாலோ திருகாலோ பொருத்துகிறார்கள். முன்கையின் வெளிப்பக்கம் சில காலம் மரத்துப்போவது உண்டு, பெரும்பாலும் சரியாகிவிடும். விரல்களை நிமிர்த்தும் நரம்பு பாதிக்கப்படுவது அபூர்வம். இரண்டையும் பற்றி மருத்துவரிடம் முன்பே கேளுங்கள்.

எல்லாத் தோள்வலிக்கும் கத்தி வேண்டாம்

பைக்கிலிருந்து விழுந்த அன்றே கையைத் தூக்க முடியாமல் போனால், தோள் தசைநாண் முழுதாகக் கிழிந்திருக்கலாம். அதற்கும் தாமதம் கூடாது. ஆனால் மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்த வலி வேறு ரகம். எம்ஆர்ஐ அறிக்கையில் ‘கிழிசல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கடன் வாங்கக் கிளம்ப வேண்டாம். 2018-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், தோளுக்குள் எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், கேமரா விட்டுப் பார்த்ததோடு நிறுத்தியவர்களுக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. 2017-இல் வெளியான நார்வே ஆய்வு, பைசெப்ஸ் நாண் தோளில் தொடங்கும் இடத்துக் கிழிசலை எடுத்துக்கொண்டது. 118 பேரில் சிலருக்குக் கிழிசலைத் தைத்தார்கள், சிலருக்கு நாணை இடம் மாற்றிப் பொருத்தினார்கள், மற்றவர்களுக்கு எதையும் சரிசெய்யாமல் போலி அறுவை சிகிச்சை மட்டும் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தும் மூன்று பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இத்தகைய வலிக்கு முதலில் மூன்று மாதமாவது முறையான பிசியோதெரபி. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவதும் பெரும்பாலும் கத்தியில்லாமலே தீரும்.

விபத்தை அன்றே பதிவு செய்யுங்கள்

தோள் நாணைத் தைத்தால் நான்கு முதல் ஆறு வாரம் கை தொட்டிலில் இருக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகே வலுவூட்டும் பயிற்சி. பாரம் தூக்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அத்தனை நாள் சம்பளத்துக்கு எங்கே போவது என்ற பயத்தில்தான் பலர் வலியை மறைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

ஈஎஸ்ஐ அட்டை இருந்தால், சாதாரண நோய் விடுப்புக்கு ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதுவும் ஆண்டுக்கு 91 நாள்தான். தோள் தேறுவதற்குள் அது தீர்ந்துவிடும். வேலையில் பட்ட காயம் என்று பதிவாகியிருந்தால் 90 சதவீதம், வேலை செய்ய இயலாத காலம் முழுவதும் உண்டு. நேற்றுச் சேர்ந்த கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும். குறைந்தபட்சச் சந்தா நாள் கணக்கு இதற்கு இல்லை. எனவே ‘டப்’ என்று கேட்ட அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதச் செய்யுங்கள். ஈஎஸ்ஐ மருந்தகத்தில் எலும்பு மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள், சென்னை கே.கே. நகரில் ஈஎஸ்ஐசி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேலைக்குத் திரும்பும்போது, தோளுக்கு மேல் கை தூக்கும் வேலை எத்தனை வாரம் கூடாது, எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதைத் தகுதிச் சான்றிதழிலேயே எழுதி வாங்குங்கள்.