சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைகள்

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றால், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கல்பாக்கத்தை அடுத்துச் சதுரங்கப்பட்டினம் என்னும் சிற்றூரைக் காணலாம். செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரை ஐரோப்பியர் 'சத்ராஸ்' என வழங்கினர். இங்கே கடலை நோக்கியவாறு செங்கற்கோட்டை ஒன்று சிதைந்து நிற்கின்றது. அதன் மதிலுக்குள்ளே பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. இடுகாடு என்றதும் அஞ்சி ஒதுங்குவோர் பலர். ஆனால் இவ்விடத்தில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. அறிவதற்கோ மிகுதியும் உண்டு.

பட்டினம் என்னும் சொல் கடற்கரையில் அமைந்த வாணிக நகரைக் குறிக்கும். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியில் இவ்வூருக்கு இராசநாராயணன் பட்டினம் என்ற பெயரும் வழங்கிற்று. எனவே, ஐரோப்பியர் வருமுன்னரே இது பெயர் பெற்ற ஊராக இருந்தது என்பது தெளிவு.

ஒல்லாந்தர் என நம் முன்னோர் அழைத்த டச்சுக்காரர், 1602ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றை நிறுவினர். சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டில் காலூன்றிய அவர்கள், 17ஆம் நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்திலும் பண்டகசாலை அமைத்தனர். பின்னர்க் கோட்டையும் எழுப்பினர். அவர்களை இங்கு ஈர்த்தது பொன்னுமன்று, மணியுமன்று. நம் நெசவாளர் நெய்த பருத்தித் துணியே ஆகும். சாவக முதலிய தீவுகளில் விளைந்த மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றை வாங்க ஒல்லாந்தருக்குப் பண்டமாற்றுப் பொருள் தேவைப்பட்டது. அத்தீவு மக்கள் பெரிதும் விரும்பியது தமிழகத் துணியையே. கம்பெனியார் வணிகர்க்கு முன்பணம் தந்தனர். வணிகர் அதனை நெசவாளர்க்குப் பகிர்ந்தளித்தனர். நெய்து வந்த துணிகள் பொதியாகக் கட்டப்பட்டுப் படகு வழியாகக் கடலில் நின்ற கப்பல்களை அடைந்தன.

இவ்வாணிகத்தின் பொருட்டு வந்தவர் அனைவரும் தம் நாடு திரும்பினாரல்லர். ஒல்லாந்திலிருந்து ஆசியாவுக்கு வந்து சேரவே ஏழெட்டுத் திங்கள் ஆயின. கடற்பயணத்துக்குத் தப்பியவரையும் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வாட்டின. அவ்வாறு இறந்தோர்க்கு இம்மண்ணே உறைவிடமாயிற்று. அவர்தம் குழிகளின்மேல் பெரிய கற்பலகைகளைக் கிடையாகப் பதித்தனர். இறந்தவர் பெயரும் நாளும் அவற்றில் டச்சு மொழியில் பொறிக்கப்பட்டுள்ளன. குடும்பச் சின்னங்களும் அழகுற விளங்குகின்றன.

எழுத்துகள் பல புடைப்பாகச் செதுக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. எழுத்தைக் குழித்தல் எளிது. சுற்றியுள்ள கல்லை அகற்றி எழுத்தை மேலெழச் செய்தல் அரிது. சோழமண்டலக் கரையில் செதுக்கிய கல்லறைப் பலகைகள், இன்று சகார்த்தா எனப்படும் படேவியா நகருக்கும் கப்பலில் சென்றன. தமக்குப் படிக்கத் தெரியாத மொழியைச் செதுக்கிய தச்சர்தம் கைத்திறனை என்னென்பது! இறந்தவர் பெயரைக் கல் கூறுகின்றது; செதுக்கியவர் பெயரையோ, அவ்வாணிகத்துக்கு முதலான துணியை நெய்தவர் பெயரையோ கூறவில்லை. ஆதலின், கல்லில் உள்ளதைப் படிப்பதோடு அமையாமல், அதில் இல்லாதவரையும் எண்ணிப் பார்ப்பவரே வரலாற்றை முழுதும் அறிவர்.

1781ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17ஆம் நாள் இவ்வூர்க் கடலில் ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் பொருதன. பின்னர் ஊர் கைமாறிக் கைமாறி, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் ஆங்கிலேயர்க்கே உரியதாயிற்று. ஒல்லாந்தர் அகன்றனர், கல்லறைகள் தங்கின.

உற்றார் அகன்ற பின்னும் நிலைத்திருக்கும் கல்லறைகள் வேறிடங்களிலும் உள. கேரளத்துச் சேந்தமங்கலம் என்னும் ஊரில், 1269ஆம் ஆண்டில் இறந்த சாரா என்னும் யூதப் பெண்ணின் கல் எபிரேய எழுத்துடன் இன்றும் உள்ளது. கேரள யூதருள் பெரும்பாலோர், 1948இல் இசுரேல் நாடு தோன்றிய பின்னர் அங்குக் குடியேறிவிட்டனர். அவர்கள் நெடுங்காலம் இங்கே நம் மக்களோடு வாழ்ந்தமைக்கு அக்கல் சான்று பகர்கின்றது.

சதுரங்கப்பட்டினத்துக் கல்லறை எழுத்துகளை அலெக்சாண்டர் ரீ என்னும் தொல்பொருள் ஆய்வாளர் ஆராய்ந்து 1897இல் நூலாக வெளியிட்டார். இன்று கோட்டையும் கல்லறைகளும் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஆயினும், உப்புக்காற்று நாள்தோறும் கல்லை அரிக்கின்றது. அதனினும் கொடியது, சின்னங்களின்மேல் தம் பெயரைக் கீறிச் செல்லும் மனிதர் செயல். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கச் சட்டம் இடந்தருகின்றது.

தண்டனைக்கு அஞ்சியன்று, பொருளை அறிந்தே இவற்றைக் காத்தல் வேண்டும். இங்குத் துயில்வோர்க்கு மலரிட வரும் உறவினர் இலர். அவர்தம் பெயர் அழியாவண்ணம் காக்கும் பொறுப்பு, இம்மண்ணில் வாழும் நம்மையே சார்ந்தது. மாணவர்களே, மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்லும்போது சற்றே தெற்கே சென்று இக்கல்லறைகளையும் கண்டு வாருங்கள்.