தேர்தல் அட்டவணையில் சிக்கிய பெரிய வியாழன்

புது தில்லி: பள்ளித் தேர்வுகள், பண்டிகைகள், அறுவடை, பருவநிலை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டே வாக்குப்பதிவு நாள்கள் முடிவு செய்யப்பட்டதாகத் தேர்தல் ஆணையம் கூறுவது வழக்கம். ஆயினும் கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாள்காட்டியின் தலையாய வாரத்தில், அடுத்தடுத்து இரண்டு மக்களவைத் தேர்தல்களில் வாக்குப்பதிவு நடைபெற்றது.

புனிதர்களின் திருநாள்களால் இத்தகைய சிக்கல் எழுவதில்லை. அவை தேதி மாறாதவை. புனித தோமையாருக்கு ஜூலை 3. புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு டிசம்பர் 3. கோவாவில் டிசம்பர் 3 அரசு விடுமுறை. ஆனால், ஈஸ்டர் நிலவைப் பின்பற்றி வருவது. மார்ச் 21-இலோ அதன் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பது திருச்சபையின் கணக்கு. ஆகவே, அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். மக்களவைத் தேர்தலும் அண்மைக் காலமாக ஏப்ரல், மே மாதங்களிலேயே நடைபெறுகிறது.

2014-இல் கோவாவுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட நாள் ஏப்ரல் 17, பெரிய வியாழன். ஆட்சேபம் எழுந்ததும் ஆணையம் அதை ஏப்ரல் 12-ஆக மாற்றியது. கோவாவின் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கினர் கிறிஸ்தவர்கள், தொகுதிகளோ இரண்டுதான். அதே ஏப்ரல் 17-இல் கர்நாடகத்தின் 28 தொகுதிகளும் வாக்களித்தன. கத்தோலிக்கர் கணிசமாக வாழும் மங்களூர், உடுப்பி கடலோரப் பகுதிக்கு மாற்றம் கிடைக்கவில்லை. 2019-இலும் அப்பகுதிக்கு வாய்த்தது பெரிய வியாழனே, ஏப்ரல் 18.

அன்றுதான் தமிழகத்திலும் வாக்குப்பதிவு. தேதியை மாற்றக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மதுரையில் அன்று சித்திரைத் திருவிழாத் தேரோட்டம். அங்கு வாக்குப்பதிவு நேரம் இரவு 8 மணி வரை, இரண்டு மணி நேரம் நீட்டிக்கப்பட்டது. இரு விழாக்களும் ஒரே வேளையில் வந்தது வியப்பில்லை. இரண்டுக்கும் ஆதாரம் ஒரே முழுநிலவு. சித்ரா பௌர்ணமியும் புனித வெள்ளியும் அவ்வாண்டு ஏப்ரல் 19-இல் சேர்ந்தே வந்தன.

வாக்களிக்கச் சிறிது நேரம் போதுமே என்ற வாதம் வாக்காளருக்குப் பொருந்தும். தேர்தல் பணிக்கு அனுப்பப்படும் ஆசிரியர்களுக்குப் பொருந்தாது. முந்தைய நாளே வாக்குச்சாவடிக்குச் செல்லும் அவர்கள், இயந்திரங்களை ஒப்படைத்துத் திரும்புவதற்குள் இரவாகிவிடும். பெரிய வியாழனின் வழிபாடோ மாலையில்தான் தொடங்குகிறது. இயேசு சீடர்களுடன் அருந்திய இறுதி இரா உணவை நினைவுகூரும் திருப்பலி, பாதம் கழுவும் சடங்கு, நள்ளிரவு வரை நீளும் நற்கருணை ஆராதனை என அது தொடரும். ஆலய வளாகப் பள்ளியிலேயே வாக்குச்சாவடி அமைந்தால் வழிபாட்டுக்கு வருவோருக்கும் சங்கடம்தான். மத்திய அரசின் கட்டாய விடுமுறைப் பட்டியலில் புனித வெள்ளி உண்டு. பெரிய வியாழன் இல்லை.

தேதியை மாற்ற இயலாது என்றும் சொல்வதற்கில்லை. குரு ரவிதாஸ் ஜயந்திக்காக 2022-இல் பஞ்சாப் வாக்குப்பதிவு பிப்ரவரி 14-இலிருந்து 20-க்கு மாற்றப்பட்டது. ஞாயிறு வழிபாட்டைக் கருதி 2023-இல் மிசோரம் வாக்கு எண்ணிக்கை டிசம்பர் 3-இலிருந்து 4-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பாலக்காடு இடைத்தேர்தல் 2024-இல் கல்பாத்தித் தேரோட்டத்துக்காக ஒரு வாரம் தள்ளிப்போனது. கட்சிகள் ஒருமித்துக் குரல் கொடுக்கும் இடத்தில் ஆணையம் இசைகிறது. வாக்குகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் கோரிக்கை நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது. பிற்பட்ட சலுகைக்குக் காத்திராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளத் தக்க விஷயம் இது. ஈஸ்டர் தேதியைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுவிடலாம்.

அடுத்த மக்களவைத் தேர்தல் நடைபெற வேண்டிய 2029-இல் ஈஸ்டர் ஏப்ரல் 1. பெரிய வியாழன் மார்ச் 29.