இராஜபாளையம் நாய் வளர்ப்பு: அங்கத்தினர்கள் அறிய வேண்டுவன

சங்கக் கணக்குகளைப் பார்வையிட அடி அண்ணாமலைக்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தாம் வாங்கிய நாய்க்குட்டியைப் பற்றி மனவருத்தத்துடன் கூறினார். பால் போன்ற வெண்மையையும் ரோஜா நிற மூக்கையும் கண்டு நல்ல விலை கொடுத்தாராம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்புவதில்லை. பின்னால் எவர் வந்தாலும் அறிவதில்லை. அது பிறவிச் செவிடு. பிறரும் இவ்வாறு நஷ்டமடையாதிருக்கும் பொருட்டு இவ்விஷயத்தைச் சற்று விவரிப்போம்.

ஜாதியின் பெருமை:— இராஜபாளையம் நாய் உயர்ந்த கால்களும், ஒடுங்கிய வயிறும், குட்டை மயிரும் உடையது. நமது வெப்பத்தைத் தாங்க வல்லது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்றது. வீட்டாரிடம் மிகுந்த பற்றுடையது. அன்னியரை எளிதில் நம்பாதது. 2005-ம் ஆண்டில் தபால் இலாகா இதன் படத்துடன் தபால் தலை வெளியிட்டது.

செவிட்டின் காரணம்:— உடலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் உண்டு. கேட்கும் சக்திக்கு அவை இன்றியமையாதவை. வெண்மையையே விரும்பித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணை சேர்த்தமையால், அவ்வணுக்கள் இல்லாத குட்டிகளும் பிறக்கின்றன. நெருங்கிய இரத்த உறவுள்ளவற்றைச் சேர்ப்பதால் இக்குறை மேலும் வலுக்கின்றது.

பரீட்சை:— ஐந்தாறு வாரமான குட்டியைத் தனியே பிரித்து நிறுத்துக. மற்றவற்றோடு இருந்தால் அவற்றைப் பார்த்தே அதுவும் திரும்பிவிடும். அதன் கண்ணில் படாமல் பின்புறம் நின்று சாவிக்கொத்தை ஆட்டுக. பலமுறை செய்தும் திரும்பாத குட்டியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தேறிவிடக் கூடுமாதலால், தாய் தந்தையரையும் முன் ஈற்றுக் குட்டிகளையும் பற்றி விசாரித்தறிதல் நலம்.

வளர்ப்பு:— எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயினின்று பிரிக்கலாகாது. பூச்சி மருந்தும், கழிச்சல் முதலிய நோய்களுக்கான ஊசிகளும் கால்நடை வைத்தியர் சொற்படி கொடுக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் வைத்தியர் குறிக்கும் காலத்தில் தவறாது மீண்டும் போடுக. வெறிநோய் கண்டபின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

நம்மூருக்கு வேறொரு கவனமும் தேவை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் கிரிவலமாக நம் தெரு வழியே செல்கின்றனர். நாள் முழுதும் கட்டியே வைத்த நாய் அக்கூட்டத்தைக் கண்டு மிரண்டு கடிக்கும். ஆகையால் குட்டிப் பருவத்திலேயே புதிய மனிதர்களோடும் குழந்தைகளோடும் பழக்கி, நாள்தோறும் ஓடவிட்டு வளர்க்க வேண்டும். ஆனால் மலையடிக் காட்டில் அவிழ்த்துவிடலாகாது. வேட்டை ஜாதியாதலின் புள்ளிமான்களைத் துரத்தும்.

விருத்தி:— பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறைந்த பின்பே இணை சேர்க்க வேண்டும். சினைக்காலம் சுமார் 63 நாள். செவிட்டு நாயையும், உடன்பிறந்தவற்றையும், பெற்றவற்றோடு பிள்ளைகளையும் ஒருபோதும் சேர்க்கலாகாது. குட்டிகளை விற்பனை செய்வோர் 2017-ம் ஆண்டின் மத்திய விதிகளின்படி மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் கூட்டுறவு பயன்படும். தனி ஒருவரிடம் இரண்டொரு நாய்களே இருக்கும். அவையும் ஓரீற்றுக் குட்டிகளாயிருக்கலாம். பல கிராமத்து அங்கத்தினர்கள் சேர்ந்து, ஒவ்வொரு நாயின் தாய், தந்தை, பிறந்த தேதி, செவிப் பரீட்சையின் முடிவு ஆகியவற்றை ஒரே புத்தகத்தில் எழுதிவந்தால், உறவற்ற நல்ல ஆண் நாயைத் தேடுவது எளிதாகும். கடன் பேரேட்டைப் போலவே இதிலும் மறைத்து எழுதினால் நஷ்டம் எல்லோருக்குமே.

மேற்சொன்ன அங்கத்தினர் அக்குட்டியைத் தெருவில் விடவில்லை. கைச்சைகையால் உண்ணவும் உட்காரவும் பழக்கியிருக்கிறார். கயிறின்றி வெளியே விடுவதில்லை. அதற்கு இணை சேர்ப்பதில்லை என்றும் உறுதி கொண்டுள்ளார். குறையுள்ள குட்டி வாய்க்கப் பெற்றவர் அனைவரும் இவ்வாறே செய்வார்களாக.