கட்டளையை மீறும் கடமை

எஜமானரின் சொல்லை மீறுவதற்கென்றே ஒரு நாய்க்குப் பயிற்சி அளிக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் 1929-ல் தோன்றிய, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் 'சீயிங் ஐ' என்னும் பள்ளியில் இன்றும் அதுதான் நடக்கிறது. பிறந்த ஏழெட்டு வாரங்களில் தன்னார்வக் குடும்பமொன்றினிடம் ஒப்படைக்கப்பட்டு, அங்கே குழந்தைகளோடு குழந்தையாக ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்து, கடைவீதியின் இரைச்சலுக்கும் பேருந்தின் ஆரவாரத்துக்கும் அஞ்சாத சுபாவம் கைவரப்பெற்ற பின்னரே, அந்த நாய்க்குட்டி பள்ளிக்குத் திரும்பிச் சில மாதங்கள் அப்பியாசம் பெறுகிறது. இடம், வலம் என்ற ஆணைகளுக்குக் கீழ்ப்படிவதில் ஆச்சரியமில்லை. அதைச் சர்க்கஸ் நாயும் செய்துவிடும். 'முன்னே செல்' என்று பார்வையற்றவர் கட்டளையிடும் அந்தக் க்ஷணத்தில், அவர் செவிக்கு எட்டாமல் மோட்டார் வாகனம் ஒன்று குறுக்கே வருமானால், அடியெடுத்து வைக்க மறுத்து நின்றுவிடுகிறதே, அந்த விவேகம்தான் அபூர்வம். சாலை விளக்கின் நிறத்தைப் பார்த்து அது நிற்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள், அது சரியன்று. வாகன ஓசையைக் கேட்டு, கடக்கும் சமயத்தை நிச்சயிப்பவர் மனிதரே. அந்த நிச்சயம் பிசகும்போது தடுத்து நிறுத்துவது நாயின் உத்தியோகம்.